பகல் நாயும் இரவு விளக்கும்

நம் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் என்னைக் கேட்டபோது, "தங்கவயலிலிருந்து வந்தவராயிற்றே, தங்கத்தைப் பற்றி எழுதுங்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார். நண்பர்களே, நான் பிறந்தது 2004ஆம் ஆண்டில். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28ஆம் நாள். எங்கள் ஊர்த் தங்கத்தை நான் கண்ணால் கண்டதில்லை. நான் கண்ட தங்கமெல்லாம் என் தாயாரின் காதுக்கும் அடகுக் கடைக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்த தோடு ஒன்றுதான். ஆகவே தங்கத்தை விட்டுவிட்டு ஒரு நாயைப் பற்றி எழுதுகிறேன். அந்த நாயைப் பற்றி எழுதினால் முயலைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு விளக்கைப் பற்றியும் எழுத வேண்டும். விளக்கைப் பற்றி எழுதத்தான் எனக்குச் சிறிது தயக்கம்.

வேட்டை நாய் என்றவுடன் வாசலில் கட்டிக்கிடந்து குரைக்கும் நாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒடுங்கிய நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, முதுகெலும்போடு ஒட்டியது போன்ற வயிறு, நெடிய கால்கள், புதிதாகப் பார்ப்பவர், "பாவம், இதற்குச் சோறு போடுவதில்லையா?" என்று கேட்பார். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் சிப்பிப்பாறை, கன்னி என்றும், வட கருநாடகத்தில் முதோள் என்றும் வழங்கும் நாய்கள் இந்தக் குலத்தைச் சேர்ந்தவை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கென வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் முதோளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. இவை மூக்கால் வேட்டையாடுவனவல்ல, கண்ணால் வேட்டையாடுவன. அசையும் பொருள் கண்ணில் பட்டதும் காலை நீட்டிவிடும். பாய்ந்தோடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு காலும் நிலத்தை விட்டு எழும். உடல் வில்லாய் வளைந்திருக்கையில் ஒருமுறை, அம்பாய் நீண்டிருக்கையில் ஒருமுறை. அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

செவலை எங்கள் லைன் வீட்டுக்கு 2014ஆம் ஆண்டில் வந்தது. (சுரங்கத் தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளை எங்கள் ஊரில் லைன் என்போம்.) பெண் குட்டி. உடலில் சிப்பிப்பாறை இரத்தம் பாதி, முதோள் இரத்தம் பாதி என்று விற்றவர் சத்தியம் செய்தார். நாய் விற்பவரின் சத்தியத்தையும் தேர்தல் வாக்குறுதியையும் அதிகம் ஆராயக்கூடாது. எப்படியானாலும், ஒரு வயது நிரம்பியதும் அது ஓடிய ஓட்டத்தைக் கண்டு தாத்தா, "எந்த ஊரு ரத்தமோ, நல்ல ரத்தம்டா" என்றார். எங்களுக்கு அதுவே சான்றிதழ்.

தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாம்பியன் ரீபில் சுரங்கத்தினுள் வேலை பார்த்தவர். நிலத்தின் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. மூன்று ஷிப்டாக வேலை நடந்த காலத்தில், இரவு ஷிப்டு முடிந்து மேலே வருபவர்களுக்குப் பகல் முழுவதும் சொந்தம். நாய் வளர்த்தவர்கள் அந்தப் பகலில்தான் முயலுக்குப் போனார்கள். "ராத்திரியெல்லாம் கீழே இருட்டில கிடந்தவனுக்கு மேலே வந்து வெயில்ல நாய் ஓடறதைப் பாத்தா, அதுதான் சாப்பாடு" என்பார் தாத்தா. உண்மையான சாப்பாடு சில நாள்களில்தான் கிடைத்தது. நான்கு முயல் எழுந்தால் மூன்று தப்பிவிடும். அதைக் கூறும்போதெல்லாம் அவர் குரலில் குறை இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் தாத்தா, நான், செவலை மூவரும் சைனைட் மேடுகளைத் தாண்டி, ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பாலுள்ள கரம்புகளுக்குப் போவோம். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கல்மாவுக் குன்றுகளைத்தான் சைனைட் மேடு என்கிறோம். அங்குப் புல் முளைப்பதும் அரிது. அதைக் கடந்தால் கேழ்வரகுத் தாள், அவரைக் கொல்லை, உண்ணிச்செடிப் புதர், பாறை. முயல் பகலில் அசையாது. புல்லில் தன் உடலளவே பள்ளம் செய்துகொண்டு, காதைப் பிடரியோடு படியவைத்துப் படுத்திருக்கும். நாம் மிதிக்கும் தூரம் வரும்வரை எழாது. நான் கோலால் புதரைத் தட்டிக்கொண்டு முன்னே போவேன். தாத்தா செவலையின் கழுத்துப் பட்டைக்குள் துண்டை நுழைத்து இரு முனைகளையும் ஒரே கையில் பிடித்து வருவார். முயல் எழும். அவர் விடமாட்டார். நான் கத்துவேன், அப்போதும் விடமாட்டார். முயல் ஐம்பது அறுபது அடி போனபின்தான் துண்டின் ஒரு முனை கையிலிருந்து நழுவும்.

"ஏன் தாத்தா, கிட்டத்தில இருந்தப்பவே விட்டா பிடிச்சிருக்குமே?"

"நாய்க்கு முயல் தெரியணும். முயலுக்கு நாய் தெரியணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கணும்டா. அப்பதான் அது ஓட்டம்."

செவலை நெருங்கியதும் முயல் சடக்கென ஒடித்துத் திரும்பும். நாய் பத்தடி கடந்துபோய்த் திரும்புவதற்குள் முயல் இருபதடி வாங்கிவிடும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் பின்னால் வரும் நாயை அது ஓடிக்கொண்டே காணும். நேர் எதிரில் உள்ளதுதான் அதற்குச் சரியாகத் தெரியாது. இந்த நுட்பங்களையெல்லாம் செவலை இரண்டே பருவங்களில் கற்றது. மூன்றாவது முறை முயல் எந்தப் பக்கம் ஒடிக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து அந்தப் பக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியது. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இங்கே ஒரு செய்தி. பின்னாளில் இப் பல்கலைக்கழகத்தில் பத்துப்பாட்டுப் படித்தபோது, பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சியைக் கண்டு வியந்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் கானவர், இரவில் நீர் தேடி வரும் காட்டுப்பன்றிக்காகக் குழியில் ஒளிந்து காத்திருக்கின்றனர். நள்ளிரவு வேட்டை வாய்க்காவிட்டால், மறுநாள் பகலில் நாய்களோடு சென்று புதர்களைத் தட்டி, வேலிகளில் வலை மாட்டி, முயலை வளைத்துப் பிடிக்கின்றனர். நாய் அங்கே வருவது பகலில்தான், முயலும் பகலில்தான். வலையை நீக்கிவிட்டால் அது என் தாத்தாவின் வேட்டைதான். அவர் அந் நூலின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

இவ்வளவு சொன்னபின் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். தாத்தாவின் ஐம்பதடி நியாயம் சட்டத்துக்குத் தெரியாது, முயலுக்கும் தெரியாது. பகலில் செத்தால் பெருமை, இரவில் செத்தால் சிறுமை என்று எந்த முயலும் நினைக்கப்போவதில்லை. நாங்கள் செய்தது சரி என்று வாதாட நான் இதை எழுதவில்லை. ஆயினும் தாத்தா ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். அந்தக் கோட்டை நாங்கள் தாண்டியபோது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

நைனா சுரங்கத்தில் பத்தாண்டுகள் இருந்தார். மூடியபின், எங்கள் ஊர் ஆயிரக்கணக்கானோரைப் போல, பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார். மாரிகுப்பத்தில் புறப்படும் இரயிலை விடியுமுன் பிடிக்க வேண்டும். சாம்பியனிலும் உரிகத்திலும் ஏறுபவர்களுக்கு உட்கார இடம் இருக்காது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போய், கட்டட வேலை செய்து, மீண்டும் நூறு கிலோமீட்டர் வந்து வீட்டில் காலை வைக்கும்போது இரவு ஒன்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நாள் தூங்குவார். மீதிப் பாதியில் கூடுதல் கூலிக்கு உள்ளூரில் ஏதேனும் வேலை. செவலையை வாங்கப் பணம் கொடுத்தவர் அவர். அது ஓடுவதை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை இரவு நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றை வாங்கிவந்தார். தாத்தா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். எதற்கென்று உடனே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது பகல் நாய்ப்பா" என்றார்.

"எனக்குப் பகல் ஏது? பகலை ரயில்காரன் வாங்கிக்கினான்" என்றார் நைனா. அதற்குத் தாத்தாவிடம் மறுமொழி இல்லை.

இரவு வேட்டைக்கு நல்ல காரணங்களும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. முயல் இரவில் தானே மேயவரும். புதர் புதராகத் தட்டித் தேட வேண்டியதில்லை. குளிர்ந்த காற்று, வெயிலில் ஓடி உடல் கொதித்து நாய் சுருண்டு விழும் அச்சமில்லை. விளக்கை வயலில் வீசினால் முயலின் கண் கங்குபோல் மின்னும். பாதி முயல்கள் அந்த ஒளியில் திகைத்து அப்படியே குந்திவிடும். முதல் இரவே மூன்று கிடைத்தன. மறுநாள் களியும் முயல் குழம்பும். பக்கத்து வீடுகளுக்கும் கிண்ணம் போயிற்று. நைனா நெடுநாளைக்குப்பின் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. பின்னால் வருவதைப் படிக்கும்போது நீங்களும் மறக்கவேண்டாம்.

ஆங்கிலத்தில் வெட்டவெளியில் படுக்கும் முயலுக்கு ஒரு பெயர்; வளை தோண்டி வாழும் முயலுக்கு வேறொரு பெயர். இங்கிலாந்தில் முதலாவதின்மேல் பகலில் நாய்களை ஏவுவது ஒரு பந்தயமாகவே இருந்தது. 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை 2005இல்தான் நின்றது. இரண்டாவதை இரவில் விளக்குப் பிடித்து வேட்டையாடுவர். அந் நாட்டின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் முதலாவதைத் தடுத்து, இரண்டாவதற்கு விலக்கு அளித்தது. நமக்கோ ஒரே சொல், நம் காட்டில் ஒரே முயல். அதே முயலைப் பகலில் ஒருவிதமாகவும் இரவில் ஒருவிதமாகவும் ஓட அதே நாயைக் கேட்டோம்.

இரவில் நாய் முயலைப் பின்தொடர்வதில்லை, வெளிச்சத்தைப் பின்தொடர்கிறது. வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே முயல் இருக்கும் என்று கற்றுக்கொள்கிறது. முயல் ஒளியை விட்டு ஒடித்து ஓடினால், விளக்குப் பிடித்தவன் திருப்பிக் காட்டும்வரை நாய் தடுமாறும். சற்றுமுன் பேரொளியைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு இருமடங்கு இருட்டு. பகலில் அது தன் அறிவால் செய்த கணக்கையெல்லாம் இரவில் நம் கை செய்கிறது.

இது எங்களுக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிறு காலை. இரவு வேட்டை தொடங்கி ஆறேழு மாதம் ஆகியிருக்கும். தாத்தா நெடுநாள் கழித்துச் செவலையைக் கரம்புக்கு அழைத்துச் சென்றார். என் காலடியிலிருந்தே ஒரு முயல் எழுந்தது. தாத்தா ஐம்பதடி பொறுத்துத் துண்டை விட்டார். செவலை ஓடவில்லை. திரும்பி என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. நான் முயல் போன திக்கைக் கையால் காட்டினேன். அது என் கையைப் பார்த்தது. மீண்டும் என் நெற்றியைப் பார்த்தது. முயல் நிதானமாகப் பாறைக்குப் பின்னால் போய் மறைந்தது.

"கண்ணு கெட்டுப்போச்சா தாத்தா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதை நம்பறதை விட்டுடுச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் சைனைட் மேட்டின் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "கீழே விளக்கு என் தலையில இருந்தது. காலும் என் காலு. நான் பாக்கிற எடத்தில வெளிச்சம், வெளிச்சம் இருக்கிற எடத்தில என் காலு. இங்க விளக்கு உங்க தலையில, காலு அதுங்காலு. இது சரிப்படாதுடா" என்றார். அன்றிரவே நைனாவிடமும் இதைச் சொன்னார். நைனா, "அப்போ ராத்திரி மட்டும் ஓடட்டும்" என்றார். அதுவும் ஒரு தீர்ப்புத்தான்.

2017ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். கேழ்வரகு அறுத்த தாளில் முயல் நிறைய இருந்தது. நிலவில்லாத சனிக்கிழமை இரவு. நைனாவுக்கு முதுகுவலி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "நீ கட்டிக்க" என்று விளக்கை என் நெற்றியில் கட்டினார். எனக்கு வயது பதின்மூன்று. பெரியவனாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது வயலில் கண் மின்னியது. நைனா செவலையை விட்டார். முயல் குந்தவில்லை, ஓடியது. நான் தலையைத் திருப்பித் திருப்பி அதை ஒளிக்குள் வைத்திருந்தேன்; செவலை அந்த ஒளிக்குள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அப்போது இடப்பக்கம் வண்டிப்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிளின் விளக்குத் திரும்பியது. வனத்துறையினர் என்று நினைத்தேன். நைனாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, உண்மையைச் சொல்கிறேன், என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கை தானாக நெற்றிக்குப் போயிற்று. விளக்கை அணைத்துவிட்டேன்.

மூன்று எண்ணும் நேரம் இருக்கலாம். எங்கள் பக்கத்தில் வயல்களுக்குக் கருங்கல் பலகைகளை நட்டு வேலி அமைப்பார்கள். ஈரத் துணியைக் கல்லில் அடித்தாற்போல் ஓர் ஒலி கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. குரைப்போ அழுகையோ எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிள்காரர் எங்களைக் கடந்து போனார். இரவில் மின்சாரம் வரும் வேளை பார்த்துக் கிணற்று மோட்டார் போடப் போகும் உழவர் அவர்.

"பேட்டரி போச்சா?" என்றார் நைனா இருட்டில்.

"ஆமா நைனா" என்றேன்.

செவலையின் வலது முன்கால் தோளருகே முறிந்திருந்தது. முதுகுவலிக்காரர் அதைக் குழந்தையைப்போல் தோளில் சார்த்திக்கொண்டு வீடுவரை நடந்தார். வழியெல்லாம், "நல்ல பேட்டரியா வாங்கியிருக்கணும், நல்லதா வாங்கியிருக்கணும்" என்றே சொல்லிவந்தார். திங்கட்கிழமை இரயிலுக்குப் போகாமல் அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றார். ஒரு நாள் கூலி போயிற்று. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதன்பின் அது மூன்று காலால் நடந்தது. நான்காவதை அவ்வப்போது நிலத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஞாயிறு காலை தாத்தா விளக்கைக் கையில் எடுத்தார். நான் திண்ணையில் இருந்தேன். பொத்தானை அழுத்தினார். பளிச்சென்று எரிந்தது. அணைத்தார், மீண்டும் அழுத்தினார், எரிந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அணைத்து, மாடத்தில் வைத்தார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, 2020இல் அவர் இறக்கும்வரையும் பேசவில்லை. செவலைக்குக் கட்டு மாற்றுவதும் கஞ்சி ஊட்டுவதும் மட்டும் என் வேலை என்று ஆக்கிவிட்டார்.

நைனா வேட்டையை விட்டார். விளக்கைத் தெருக்கோடியில் இருந்த ஒருவருக்கு விற்றார். அவர் முந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். நைனா, "வேணாம், இருநூறு குடு. பேட்டரி சரியில்ல, திடீர்னு அணைஞ்சிடும். என் நாய் காலு அப்படித்தான் போச்சு" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நூறு ரூபாய் அந்த மாதம் எங்கள் வீட்டுக்குச் சிறிய தொகையன்று.

செவலை 2022வரை உயிரோடிருந்தது. தாத்தாவின் கட்டிலடிதான் அதன் இடம். இரவில் மின்சாரம் போய் யாராவது டார்ச்சை ஏற்றினால் அது எழுந்து நின்றுவிடும். சுவரில் வெளிச்சம் விழும் இடத்தை உற்றுப் பார்க்கும். வெளிச்சம் நகர்ந்தால் அந்த முன்காலும் நகரும். ஆகவே எங்கள் வீட்டில் மின்சாரம் போனால் மெழுகுவத்திதான்.

நைனா இன்றும் அதே இரயிலில்தான் போய்வருகிறார். இம் மலரை அவருக்கு எடுத்துச் செல்லப்போகிறேன். வண்டியில் இடம் கிடைத்தால் படிப்பார். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, விளக்கை வாங்கியவரைத் தெருவில் பார்த்தேன். அவர் வேட்டைக்காரரல்லர், இரவில் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது அதைக் கட்டிக்கொண்டு போவாராம். "உங்கப்பா சும்மா பயமுறுத்தினாரு தம்பி. இத்தினி வருஷமாச்சு, ஒருநாள்கூடத் தானா அணைஞ்சதில்ல" என்றார். இதை நைனாவிடமும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.